யாருடைய ஆறு மணி?

'மை ஃபாதர் கோஸ் டு ஆபீஸ் அட் நைன் ஓ கிளாக்.' இதைப் பலகையில் எழுதிப்போட்டுவிட்டு, அவங்கவங்க அப்பாவைப் பற்றி இதேமாதிரி ஒரு வாக்கியம் எழுதுங்க என்று சொன்னேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். ஏன்டா எழுதலை என்றேன்.

"எங்கப்பா ஆபீஸ் போவல சார். குப்ப வண்டி. நைட்டு பத்து மணிக்குப் போனா காலையில ஆறு மணிக்கு வருவாரு. நான் ஸ்கூலுக்குக் கெளம்பசொல்லோ படுத்துனு இருப்பாரு. இதுக்கு இன்னா சார் எழுதறது?"

பக்கத்திலிருந்தவன் பலகையில் இருந்ததை அப்படியே அழகான கையெழுத்தில் எழுதி நீட்டினான். அவன் அப்பா செத்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த நோட்டில் நான் சரி என்று டிக் போட்டேன். வாக்கியத்தில் பிழையில்லை, அதனால் போட்டேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. பேனாவை மூடி வைத்தவன் நேர்மையாக இருந்தான். டிக் வாங்கியவனைப் பொய் சொல்லப் பழக்கியவன் நான்.

இது நடந்தது ஆழ்வார்பேட்டையில். ஆழ்வார்பேட்டை என்றதும் டி.டி.கே. சாலையும் மியூசிக் அகாதெமியும் மார்கழிக் கச்சேரியும்தான் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வரும். அந்தச் சாலையிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே வந்தால் வாரியக் குடியிருப்பு. குடிசை மாற்று வாரியம் என்று 1970-ல் ஆரம்பித்து, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயரை மாற்றிக்கொண்டார்களே, அந்த வாரியம். பெயர் மாறியது, படிக்கட்டில் ஒழுகும் தண்ணீர் மாறவில்லை. அதன் மொட்டைமாடியில் வாரத்தில் மூன்று நாள், பேங்க்கிலிருந்து நேராக வந்து, ஆறு மணியிலிருந்து ஏழரை வரை சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். நான் வாத்தியார் இல்லை. கிளார்க். கவிதை எழுதுகிறவன் என்பதும் அந்த மாடியில் யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஆரம்பப் பாடத்தில் இரண்டு விஷயம் சேர்ந்தே வரும். ஒன்று, மணி சொல்வது. இன்னொன்று, ஒரு காரியம் எத்தனை தடவை நடக்கிறது என்று சொல்லும் சொற்கள்: ஆல்வேஸ், யூஷ்வலி, ஆஃபன், சம்டைம்ஸ், நெவர். எப்போதும், வழக்கமாக, அடிக்கடி, சிலசமயம், ஒருநாளும் இல்லை. பார்க்கச் சாதாரணம். ஆனால் நம்ம சனங்களுடைய வாழ்க்கை முழுக்க இந்த இரண்டுக்குள்தான் கிடந்து நசுங்குகிறது என்று அந்த மாடியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மணி. தமிழில் நாம் ஆறேகால், ஆறரை, ஆறேமுக்கால் என்கிறோம். போன மணியைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் கூட்டிக்கொண்டே போகிறோம். ஆறும் முக்காலும் ஆறேமுக்கால். கணக்கு நேராக இருக்கிறது. இங்கிலீஷ்காரன் அரை மணி வரைக்கும்தான் நம்மோடு வருகிறான். அதைத் தாண்டியதும் வரப்போகிற மணியைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுகிறான். ஆறேமுக்கால் அவனுக்கு 'குவார்ட்டர் டு செவன்'. ஏழுக்குக் கால்மணி பாக்கி. நம்ம பிள்ளைகள் ஆறேமுக்காலில் ஆறு இருக்கிறது, ஆகவே 'குவார்ட்டர் டு சிக்ஸ்' என்று எழுதுவார்கள். ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும்.

'குவார்ட்டர்' என்று நான் சொன்னதுமே மாடி முழுக்கச் சிரிப்பு. ஏன் என்று நான் கேட்கவில்லை. 180 மில்லி. 'ஆஃப்' என்றால் அதில் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கும், ராத்திரி பத்து மணிக்கு மூடும் என்பதை இங்கிலீஷில் எழுதச் சொன்னால் 'ஓப்பன்ஸ் அட் ட்வெல்வ், க்ளோசஸ் அட் டென்' என்று ஒரு பிள்ளைகூடத் தப்பில்லாமல் எழுதுகிறது. அரசாங்கம் 2003-லிருந்து தன் கையாலேயே சில்லறையில் விற்று நடத்தும் பாடம் அது. 'அட்' எங்கே வரும் என்பதற்கு அதைவிட நல்ல பயிற்சி எந்தப் புத்தகத்திலும் இல்லை. சிரித்தவர்களில் ஒரு பெண்பிள்ளை மட்டும் பாதியில் சிரிப்பை நிறுத்திக்கொண்டது. அதன் வீட்டில் பத்து மணிக்கு மேல் என்ன நடக்கும் என்று படிக்கட்டுக்கே தெரியும்.

இந்தக் 'குவார்ட்டர் டு' என்னையும் ஒருதடவை கவிழ்த்திருக்கிறது. டிகிரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலம். ஓர் ஆபீசிலிருந்து போனில் நேர்முகத்துக்கு 'குவார்ட்டர் டு டென்' என்றார்கள். பிறந்ததிலிருந்து தமிழில் கணக்குப் போட்ட மண்டை, பத்தேமுக்கால் என்று எடுத்துக்கொண்டது. பத்து நிமிஷம் முன்கூட்டியே போய்விட்டோம் என்ற பெருமையோடு பத்து முப்பத்தைந்துக்குப் போய் நின்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் சான்றிதழ்களைப் பார்த்தார். சாதிச் சான்றிதழில் கண் கொஞ்சநேரம் நின்றது. பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக இங்கிலீஷில் சொன்னார், 'தே ஆர் ஆல்வேஸ் லேட்.'

நான் லேட்டாகப் போனது ஒரே ஒருநாள். அவர் சொன்னது 'ஆல்வேஸ்'. நான் போனது தனி ஆளாக. அவர் சொன்னது 'தே'. என்னுடைய தப்பு மணிக்கணக்கில் ஒரு தப்பு. அவருடையது இலக்கணத்திலும் தப்பு, நியாயத்திலும் தப்பு. ஆனால் வேலை போனது எனக்கு.

சாதிக்கும் மணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கடிகாரம் எல்லோருக்கும் பொது, ஆறு என்றால் அய்யருக்கும் ஆறு, நமக்கும் ஆறு என்பார்கள். கடிகாரத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான். இந்தச் சென்னையின் மணியை வைத்துத்தான் ஒருகாலத்தில் இந்தியா முழுக்க ரயில் ஓடியது. 1906 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்துதான் இந்திய நேரம் என்று ஒன்று வந்தது. முள்ளுக்குச் சாதி கிடையாது. ஆனால் முள் எந்த இடத்தில் நிற்கும்போது யார் தெருவில் நிற்கலாம் என்பதை முள் தீர்மானிக்கவில்லை.

பேஷ்வாக்கள் ஆட்சியில் மகர்களும் மாங்குகளும் மாலை மூன்று மணிக்கு மேல் காலை ஒன்பது மணி வரை புனே நகர வாசலுக்குள் நுழையக் கூடாது என்று இருந்ததை சமூகவியலாளர் குர்யே 1932-ல் வெளியான நூலில் பதிவு செய்கிறார். காரணம் நிழல். காலையிலும் சாயங்காலத்திலும் நிழல் நீளமாக விழும், உயர்த்திக்கொண்ட சாதிக்காரன்மேல் பட்டுவிடும். உச்சிவெயிலில் நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும்போது மட்டும் மனுஷன் உள்ளே வரலாம். அவர்களுக்கு மணி பார்க்கத் தெரிந்தே ஆகவேண்டும். தெரியாவிட்டால் அடி.

தூரத்தில் போகவேண்டாம், நம்ம திருநெல்வேலிச் சீமைக்கு வருவோம். தீண்டப்படாதவர்களின் துணியை வெளுக்கும் புதிரை வண்ணார்கள், பார்த்தாலே தீட்டு என்று பகலில் வெளியே வரவிடாமல் வைக்கப்பட்டிருந்தார்கள். நடுராத்திரிக்கும் விடியலுக்கும் இடையில்தான் அவர்களுடைய வேலை. 1932 டிசம்பரில் பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியை அம்பேத்கர் தம் எழுத்தில் எடுத்து வைத்திருக்கிறார். பேட்டி காண வந்தவர்களைப் பார்க்க அந்த மக்களை வீட்டைவிட்டு வெளியே வரச் சம்மதிக்க வைப்பதே பெரும்பாடாக இருந்ததாம். இன்றைக்கு எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஊர் தூங்கும்போது தெருவைக் கூட்டி, ஊர் எழுந்திருக்கும்போது கண்ணில் படாமல் வீடு திரும்பும் வேலையை யார் செய்கிறார்கள் என்று கேட்டுப்பாருங்கள். பேனாவை மூடி வைத்த அந்தப் பையனின் அப்பா செய்கிறார்.

மணி எங்கள் பிரச்சினை இல்லை என்று அம்பேத்கர் ஒதுக்கவில்லை. 1942-லிருந்து 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. தொழிற்சாலைகளில் வாரம் 54 மணி நேரம் என்றிருந்த வேலை 48 ஆகக் குறைந்தது 1946 சட்டத் திருத்தத்தில். நாளைக்கு எட்டு மணி என்கிறோமே, அதற்குப் பின்னால் நம்ம ஆள் கை இருக்கிறது. அதே எட்டை 12 ஆக்கிக்கொள்ள வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். மணியை எண்ணத் தெரிந்தவர்கள் சத்தம் போட்டதால் வாபஸ். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் நம்ம அம்மாக்களுக்கு அந்தத் தொழிற்சாலைச் சட்டமும் கிடையாது. அவர்களுடைய நாள் காலை அஞ்சேமுக்காலுக்கு ஆரம்பிக்கிறது. எப்போது முடிகிறது என்று பிள்ளைகளைக் கேட்டேன். ஒரு பெண்பிள்ளை எழுதிக் காட்டியது: 'மை மதர் இஸ் ஆல்வேஸ் டயர்ட்.' மணி போடவில்லை. போட இடமில்லை.

அந்த வாக்கியத்தில் இலக்கணமும் சரியாக இருந்தது. இந்தச் சொற்கள் பொதுவாக வினைக்கு முன்னால் வரும்: 'ஷி ஆல்வேஸ் கம்ஸ்'. ஆம், ஈஸ், ஆர் வந்தால் அதற்குப் பின்னால் போகும்: 'ஷி இஸ் ஆல்வேஸ் டயர்ட்'. இதைப் பத்து நாளில் சொல்லித்தந்துவிடலாம். உண்மையான தகராறு 'நெவர்' வரும்போதுதான். தமிழில் 'ஒருநாளும் வரமாட்டார்' என்கிறோம். மறுப்பு வினையில் இருக்கிறது. இங்கிலீஷில் மறுப்பு முழுக்க 'நெவர்' என்ற சொல்லிலேயே முடிந்துவிடுகிறது, வினை நேராக நிற்கும்: 'ஹி நெவர் கம்ஸ்'. நம்ம பிள்ளைகள் தமிழை அப்படியே கொண்டுவந்து 'ஹி நெவர் நாட் கம்' என்று எழுதுவார்கள். இதற்குப் போய் முட்டாள் என்று தலையில் குட்டுகிற வாத்தியார்களைப் பார்த்திருக்கிறேன். அது முட்டாள்தனம் இல்லை. தாய்மொழியை ஒழுங்காகக் கற்றுக்கொண்ட பிள்ளை செய்கிற தப்பு. இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மறுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது பார் என்று காட்டினால் போதும், பிள்ளை பிடித்துக்கொள்ளும்.

பாடப்புத்தகங்களில் இந்தச் சொற்களுக்கு ஓர் ஏணி போட்டிருப்பார்கள். உச்சியில் ஆல்வேஸ், நூற்றுக்கு நூறு. அடியில் நெவர், சைபர். நடுவில் மற்றது. நான் அந்த ஏணியை விட்டுவிட்டு, தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை எடுத்துக்கொண்டேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். பிள்ளைகளிடம் கொடுத்து, குடியிருப்புக்குத் தண்ணி லாரி வரவேண்டியது ஏழு மணிக்கு, முப்பது நாளைக்குத் தினமும் அது வந்த மணியை எழுது, வராவிட்டால் வரவில்லை என்று எழுது என்றேன். வீட்டில் சுவர்க்கடிகாரம் இல்லாத பிள்ளைகள் செல்போனைப் பார்த்து எழுதின. முப்பது நாளில் லாரி வந்தது பத்தொன்பது நாள். ஏழு மணிக்குள் வந்தது நாலு நாள்.

பிறகு சண்டை ஆரம்பித்தது. பத்தொன்பது நாள் என்பது 'ஆஃபனா', 'சம்டைம்ஸா'? ஏழு மணிக்குள் நாலு நாள் என்பது 'சம்டைம்ஸ்'தானா, அதற்கும் கீழே 'ரேர்லி' என்று ஒன்று இருக்கிறதே, அதுவா? அரைமணி நேரம் கத்தினார்கள். 'லாரி வர்றதேயில்ல, நெவர்னு போடு சார்' என்று ஒருவன் குதித்தான். "பொய்யி சொல்லாதடா, பத்தொம்பது நாள் வந்துது, எண்ணிப் பாரு" என்று இன்னொருத்தி மடக்கினாள். எனக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்த்தது. அந்த நேர்முகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கடைசிவரை கற்றுக்கொள்ளாத பாடம் இது. 'எப்போதும்' என்று சொல்வதற்கு முன்னால் எண்ணு. 'ஒருநாளும்' என்று சொல்வதற்கு முன்னால் எண்ணு.

நான் சொல்ல வருவது இதுதான், தோழர்களே. சாதி பேசும் மொழியில் எண்ணிக்கை கிடையாது. அது 'எப்போதும்', 'ஒருபோதும்' என்ற இரண்டே சொல்லில் நம்மைப் பேசி முடித்துவிடும். இவங்க எப்பவும் லேட்டு. இவங்க எப்பவும் அழுக்கு. இவங்களுக்கு ஒருநாளும் படிப்பு ஏறாது. இந்தச் சொற்களுக்குப் பின்னால் எவனும் ஒரு காலண்டர் தாளைக்கூட வைத்திருப்பதில்லை. எத்தனை நாள், எந்தத் தேதி, எத்தனை மணி என்று திருப்பிக் கேட்கப் பழகிய பிள்ளையை அந்த மொழி ஏமாற்றுவது கஷ்டம்.

அரசாங்கத்தின் 'நெவர்' இன்னும் பெரிசு. 2021 ஜூலையில் மாநிலங்களவையில் ஒன்றிய அமைச்சர் சொன்ன பதில், கையால் மலம் அள்ளியதால் யாரும் செத்ததாகத் தகவல் இல்லை என்பது. சைபர். அதே வருஷம் பிப்ரவரியில் அதே அரசாங்கம் நாடாளுமன்றத்தில், சாக்கடையும் செப்டிக் டேங்கும் சுத்தம் செய்யும்போது ஐந்து வருஷத்தில் 340 பேர் செத்திருக்கிறார்கள் என்று கணக்குக் கொடுத்திருந்தது. சாக்கடைக்குள் இறங்கிச் சாவது வேறு, மலம் அள்ளுவது வேறு என்று பெயரைப் பிரித்துவிட்டால் 340 சைபர் ஆகிவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளை 'நெவர்' என்று எழுதினால் எண்ணிப் பாரு என்று சொல்ல ஒருத்தி இருந்தாள். அங்கே பதில் அப்படியே பதிவாகிவிட்டது.

மணியும் அப்படித்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லிருந்து இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போனால் முதல் தகவல் அறிக்கையில் முதலில் கேட்பது தேதியும் நேரமும். 'அடிக்கடி திட்டுவான் சார்' என்று சொன்னால் எழுதிக்கொள்ள ஆளில்லை. இந்தத் தேதி, இத்தனை மணி, இந்த இடம், இத்தனையாவது தடவை என்று சொன்னால் கேஸ் நிற்க ஒரு காலாவது இருக்கும். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே என்று ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்து அவர்களைத் தூக்கியது 13-ஆம் தேதி நடுராத்திரியையொட்டி. மறுநாள் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "சார், ஏன் சார் போலீஸ் எப்பவும் நைட்ல வருது?" எப்பவும் என்று சொல்வதற்கு முன்னால் எண்ணவேண்டும் என்று நான் சொல்லித்தந்திருந்தேன். அன்றைக்கு அதைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை.

நம்மில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, எதற்கு இங்கிலீஷ், தமிழிலேயே எண்ணச் சொல்லித்தரலாமே என்கிறது. சொல்லித்தரலாம்தான். மேலே எழுதிய எல்லாவற்றையும் தமிழில்தான் எண்ணினோம், தமிழில்தான் சண்டை போட்டோம். ஆனால் அந்த நேர்முக மேசையில் 'ஆல்வேஸ்' என்று சொன்னவர் தமிழ் தெரியாமலா இங்கிலீஷில் சொன்னார்? எனக்குப் புரியாது என்ற தைரியத்தில் சொன்னார். அவங்க வீட்டுப் பிள்ளைக்கு இங்கிலீஷ், நம்ம பிள்ளைக்குத் தமிழ்ப்பற்று என்ற பாகப்பிரிவினைக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

இன்னொரு கட்சிக்கு இங்கிலீஷ் என்றாலே விடுதலை. சாவித்திரிபாய் ஃபுலே 1854-ல் வந்த தம் கவிதைத் தொகுப்பிலேயே ஆங்கிலத்தைத் தாய் என்று போற்றினார். அவர் காலத்தில் அது நெருப்பு. 2010-ல் உத்தரப்பிரதேசக் கிராமம் ஒன்றில் ஆங்கிலத் தேவிக்குக் கோயில் கட்டக் கால்கோளே போட்டார்கள். அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் 'மை ஃபாதர் கோஸ் டு ஆபீஸ்' என்று செத்த அப்பாவை ஆபீசுக்கு அனுப்பும் இங்கிலீஷ் நமக்கு விடுதலையா? அந்தப் புத்தகத்துக்குள் ஏற்கெனவே ஒரு வீடு கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஆறு மணிக்கு எழுந்து, எட்டு மணிக்கு மேசையில் டிபன் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு ஆபீஸ் போகிறார்கள். நம்ம பிள்ளை அந்த வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால் தன் வீட்டை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும். செருப்பைக் கழற்றச் சொன்ன தெருக்கள் போதாதா?

வாக்கியம் மாறினால் பிள்ளையும் மாறுகிறது. 'ஐ ஆல்வேஸ் ஹேவ் பிரேக்ஃபாஸ்ட் அட் ஸ்கூல்' என்று இப்போது என் பிள்ளைகள் எழுதுகின்றன. 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கியது. எங்கள் பிள்ளைகளில் கீழ்வகுப்பில் படிப்பவர்களுக்கு அது உண்மை. மேலே போனவர்கள் 'ஐ சம்டைம்ஸ் ஹேவ் பிரேக்ஃபாஸ்ட்' என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் டிக் போடுகிறேன். இரண்டும் நடப்பதை நடப்பதுபோல் சொல்கிற இங்கிலீஷ்.

அதனால் ஒரு வேண்டுகோள். இட ஒதுக்கீட்டில் படித்து, பேங்க்கிலும் ரயில்வேயிலும் செக்ரட்டேரியட்டிலும் உட்கார்ந்திருக்கிற நம் தோழர்கள் வாரத்தில் ஒருநாள், ஒரு மணி நேரம், ஏதாவதொரு குடியிருப்பின் மாடியில் உட்காருங்கள். பெரிய படிப்பு வேண்டாம். முதல் மாதம் செல்போனில் தெரிகிற எண்ணை அப்படியே 'சிக்ஸ் ஃபார்ட்டிஃபைவ்' என்று படிக்கச் சொல்லுங்கள். அதுவும் சரியான இங்கிலீஷ்தான். அது பழகியபிறகு முள் வைத்த கடிகாரம், அதன்பிறகு 'பாஸ்ட்', கடைசியில் 'டு'. அப்பா ஆபீஸ் போகும் வாக்கியத்தை அழித்துவிடுங்கள். உங்க வூட்ல யாரு எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாங்க, அதைச் சொல்லு என்று ஆரம்பியுங்கள். ஒரு காலண்டர் தாளைக் கையில் கொடுத்து எதையாவது எண்ணச் சொல்லுங்கள்: தண்ணி, கரண்ட், குப்பை வண்டி, பஸ்.

பேனாவை மூடி வைத்த பையனை மறுவாரம் பக்கத்தில் உட்காரவைத்துச் சேர்ந்து எழுதினோம். 'மை ஃபாதர் கோஸ் டு வொர்க் அட் டென் அட் நைட். ஹி கம்ஸ் ஹோம் அட் சிக்ஸ் இன் தி மார்னிங்.' மூன்றாவது வாக்கியம் அவனே எழுதியது: 'ஐ சம்டைம்ஸ் சீ ஹிம்.' சம்டைம்ஸ் எங்கே வரவேண்டும் என்று நான் அவனுக்குச் சொல்லவேயில்லை. சரியான இடத்தில் போட்டிருந்தான்.

தண்ணி லாரிக் கணக்கைப் பிள்ளைகள் இங்கிலீஷில் மனுவாக எழுதி, முப்பது காலண்டர் தாளையும் பின் அடித்து ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தார்கள். வாங்கிக்கொண்டவர், இதை யார் எழுதிக்கொடுத்தது என்று மட்டும் மூன்று தடவை கேட்டாராம். லாரி இன்னும் ஏழு மணிக்கு வரவில்லை. பிள்ளைகள் இரண்டாவது மாதக் கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.